நம்ம மலை ஊரு ஜனத்தொகை எப்படி மாறுதுன்னு நாமளே கணக்கு எடுக்கிறது எப்படி (கொடைக்கானல், ஊட்டி கணக்கோட)

கொடைக்கானல்ல எந்த டீக்கடையில நின்னாலும் ரெண்டு பேச்சு காதுல விழும். ஒண்ணு, "நம்ம ஆளுங்க எல்லாம் கீழ இறங்கிட்டாங்க, ஊரு வெளியூர்க்காரன் கைக்குப் போயிருச்சு". இன்னொண்ணு, "கூட்டம் தாங்கல, ஊரு கொள்ளல". ரெண்டையும் ஒரே ஆளே சொல்வாரு, ரெண்டும் சரியாத்தான் இருக்கும். ஆனா எத்தனை பேரு இறங்குனாங்க, எப்ப இருந்து, எந்த வார்டுல இருந்துன்னு கேட்டா யார்கிட்டயும் பதில் கிடையாது. வார்டுக்கு தண்ணி பத்தலன்னு கேக்கும்போதும், பிள்ளைங்க கம்மி ஆயிருச்சுன்னு ஒரு ஸ்கூல மூடப் பாக்கும்போதும் நம்ம கையில நம்பர் இல்லாததாலதான் பேச்சு அங்கயே முடிஞ்சு போகுது. அந்த நம்பர எங்க போய் எடுக்கிறது, எடுத்தத எப்படி படிக்கிறது, எங்கெல்லாம் அது நம்மள ஏமாத்தும்னு சொல்றதுக்குத்தான் இது. கொடைக்கானலும் ஊட்டியும் எனக்குத் தெரிஞ்ச ஊருங்கறதால அத வச்சு சொல்றேன், ஏற்காடோ வால்பாறையோ கோத்தகிரியோ எந்த ஊரா இருந்தாலும் வழி இதேதான்.

முதல்ல ஒண்ணு மனசுல வச்சுக்கங்க. மலை ஊர்ல ஜனத்தொகைங்கிறது ஒரு நம்பர் இல்ல, மூணு. வருஷம் பூரா அங்கயே படுத்து எந்திரிக்கிறவங்க ஒரு கூட்டம். சீசனுக்கு வந்து போறவங்க ரெண்டாவது, இதுல டூரிஸ்ட் மட்டும் இல்ல, ஏப்ரல்-மே ரெண்டு மாசம் லாட்ஜ் வேலைக்கும் கடை போடவும் வர்றவங்களும் சேத்தி. வீட்ட மட்டும் இங்க வச்சுக்கிட்டு சென்னையிலயோ பெங்களூர்லயோ இருக்கவங்க மூணாவது. இந்த மூணும் ஒரே திசையில நகராது. முதல் கூட்டம் குறையும்போதே மத்த ரெண்டும் ஏறலாம், அதனாலதான் டீக்கடைப் பேச்சு ரெண்டும் ஒரே நேரத்துல உண்மையா இருக்கு. ஒரு நோட்டுல மூணு பக்கம் பிரிச்சு வச்சுக்கங்க, கிடைக்கிற ஒவ்வொரு நம்பரும் எந்தப் பக்கத்துக்குன்னு முடிவு பண்ணாம எழுதாதீங்க.

ஆரம்பிக்க வேண்டிய இடம் சென்சஸ். மக்கள்தொகை கணக்கெடுப்புத் துறை வெப்சைட்ல ஒவ்வொரு மாவட்டத்துக்கும் மாவட்ட கையேடு பிடிஎஃப்பா கிடக்கு, ரெண்டு பாகம். முதல் பாகத்துல ஊருல ரோடு, ஸ்கூல், தண்ணி என்ன இருக்குங்கிற விவரம். ரெண்டாவதுல ஊர் வாரியா ஆள் எண்ணிக்கை, ஆண் பெண், 6 வயசு வரைக்கும் உள்ள குழந்தைங்க, எஸ்சி எஸ்டி, படிச்சவங்க, வேலை வகை எல்லாம் இருக்கும். நமக்கு ரெண்டாவது பாகம்தான் உயிர். கொடைக்கானல் நகராட்சி 2001-ல 32,931 பேரு, 2011-ல 36,501. பத்து வருஷத்துல 3,570 பேரு கூட, அதாவது 10.8 சதவீதம். அதே பத்து வருஷத்துல தமிழ்நாடு மொத்தமா 15.6 சதவீதம் ஏறியிருக்கு. அப்ப கொடைக்கானல் வளந்துச்சுதான், ஆனா மாநிலத்த விட மெதுவா.

ஊட்டி கதை வேற. 2001-ல 93,987, 2011-ல 88,430. குறைஞ்சிருக்கு. குன்னூர், கோத்தகிரி, நீலகிரி மாவட்டம் மொத்தமுமே குறைவுதான், மாவட்டம் 7,62,141-ல இருந்து 7,35,394-க்கு இறங்குச்சு, 2011-ல தமிழ்நாட்டுல ஜனத்தொகை குறைஞ்ச ஒரே மாவட்டம் நீலகிரிதான். மே மாசம் ஊட்டி பஸ் ஸ்டாண்ட்ல நின்னவங்க யாரும் இத நம்ப மாட்டாங்க, ஆனா உண்மை அதுதான்.

குறைவு 5,557 பேருன்னு சொன்னா விஷயம் பாதிதான் சொன்ன மாதிரி, ஏன்னா அந்தப் பத்து வருஷத்துல குழந்தையும் பிறந்திருக்கும்ல. இங்க ஒரு சின்ன கணக்கு போடணும், பத்தாவது படிச்சவங்க யாரும் போடலாம். பிறப்புல இருந்து இறப்பக் கழிச்சா வர்றது இயற்கையான ஏற்றம். வருஷத்துக்கு ஆயிரத்துக்கு 7-ன்னு ஒரு குத்துமதிப்பா வச்சுக்குவோம் (இது நான் எடுத்துக்கிட்ட அனுமானம், உங்க ஊருக்கு வேற நம்பர் கிடைச்சா அதப் போடுங்க). ஊட்டிக்கு பத்து வருஷத்துல சுமாரா 6,500 பேரு கூடியிருக்கணும். கூடவும் இல்ல, அதுக்கு மேல 5,500 குறைஞ்சிருக்கு. அப்ப வந்தவங்களக் கழிச்சுட்டுப் பாத்தா கூட 12,000 பேரு வாக்குல ஊர விட்டு போயிருக்காங்க. கணக்கு இவ்வளவுதான், ஆனா இத ஒரு தடவை போட்டுட்டீங்கன்னா "கொஞ்சம் பேரு போயிட்டாங்க"ங்கிற பேச்சு உங்க வாயில வராது.

ஏன் போனாங்கங்கிறதுக்கு ஒத்த காரணம் தேடாதீங்க. நீலகிரியில 90-கள் கடைசியில பச்சைத் தேயிலை விலை விழுந்து சிறு விவசாயிங்க ரொம்ப அடிபட்டாங்க, பசங்க திருப்பூர், கோயம்புத்தூர்னு இறங்குனாங்க. ஊட்டியில 1960-கள்ல ஆரம்பிச்சு ஆயிரக்கணக்கான பேருக்கு சோறு போட்ட பிலிம் ஃபேக்டரி கொஞ்சம் கொஞ்சமா படுத்து, கடைசியில மூடுனாங்க, குவார்ட்டர்ஸோட சேத்து ஒரு பேட்டையே காலி. வால்பாறையில 2001-ல கிட்டத்தட்ட 95 ஆயிரம் இருந்தது 2011-ல 70,859, அங்க எஸ்டேட் வேலைதான் கதை. ஒவ்வொரு ஊருக்கும் அதோட காரணத்த அந்த ஊரு பெரியவங்ககிட்ட கேட்டு, வருஷத்தோட எழுதுங்க.

சென்சஸ்ல உங்கள ஏமாத்துற இடம் சில இருக்கு, அதுல முதல் இடம் தேதிக்கு. நம்ம நாட்டு கணக்கு பெரும்பாலும் மார்ச் 1-ஆம் தேதிய வச்சுத்தான், வீடு வீடா வர்றது பிப்ரவரியில. 1901-ல கொடைக்கானல் 1,912 பேருன்னு பதிவாகியிருக்கு, அதுவும் மார்ச் 1 கணக்கு. பிப்ரவரி கடைசின்னா நம்ம ஊர்ல குளிரு இன்னும் விடல, சீசன் ஆரம்பிக்கல, வெள்ளைக்காரங்க, மிஷனரிங்க, அவங்களோட வர்ற சமையல்காரங்க, டோலி தூக்குறவங்க யாரும் மேல ஏறியிருக்க மாட்டாங்க. அதனால அந்த 1,912-ங்கிறது ஊருலயே கிடந்த ஆளுங்க மட்டும். இன்னைக்கும் அதேதான், சென்சஸ் நம்பர் நோட்டுல முதல் பக்கத்துக்கு மட்டும்தான் போகும், மத்த ரெண்டு பக்கத்தையும் அத வச்சு நிரப்ப முடியாது.

அடுத்தது எல்லை. நகராட்சி எல்லை முடியுற இடத்துல ஊரு முடியுறது இல்ல. கொடைக்கானல்ல புது காட்டேஜும் ஹோம்ஸ்டேயும் நிறைய வந்தது வில்பட்டி பக்கம், அட்டுவம்பட்டி, பள்ளங்கி, அங்கிட்டு பெருமாள்மலை, இதெல்லாம் ஊராட்சி, நகராட்சி நம்பர்ல வராது. அதனால பக்கத்து ஊராட்சிங்களையும் தனி வரியா எடுத்து வச்சு, ஊரு மட்டும், ஊரும் சுத்துப்பட்டும்னு ரெண்டு கணக்கா போடுங்க. ரெண்டு சென்சஸுக்கு நடுவுல எல்லை மாறியிருந்தா ஒப்பிடவே கூடாது, முதல்ல அத செக் பண்ணுங்க.

ஹாஸ்டல் பிள்ளைங்க இன்னொரு விஷயம். கொடைக்கானல், ஊட்டி ரெண்டும் போர்டிங் ஸ்கூல் ஊரு. பிப்ரவரியில ஸ்கூல் நடக்குறதால அந்தப் பிள்ளைங்க ஹாஸ்டல்லயே எண்ணப்படுவாங்க. வயசு வாரியான டேபிள்ல 10-ல இருந்து 17 வயசு வரைக்கும் திடீர்னு வீங்கி இருந்தா "ஆஹா, ஊர்ல இளசுங்க நிறைய"ன்னு எழுதிடாதீங்க, அவங்க ப்ளஸ் டூ முடிச்சதும் பொட்டிய கட்டிருவாங்க. உண்மையான அடையாளம் 6 வயசு வரைக்கும் உள்ள குழந்தைங்க. 2011-ல நீலகிரியில அது மொத்தத்துல 9 சதவீதம், மாநிலத்துல 10-க்கு மேல. அதோட ஆயிரம் ஆணுக்கு 1,042 பொண்ணுங்க, மாநில அளவு 996. தொட்டில் காலியாகுது, ஆம்பளைங்க வேலை தேடி கீழ போறாங்கன்னு இந்த ரெண்டு நம்பரும் சேந்து சொல்லுது, தனித்தனியா பாத்தா புரியாது.

வெளியில இருந்து வந்தவங்கள பாக்குறதுக்கு இடப்பெயர்ச்சி டேபிள் இருக்கு, பெரும்பாலும் மாவட்ட அளவுலதான் கிடைக்கும். எங்க பிறந்தீங்க, கடைசியா எங்க இருந்தீங்க, எத்தனை வருஷமாச்சு, ஏன் வந்தீங்கன்னு நாலு கேள்வி. இதுல கல்யாணம்ங்கிற காரணத்த தனியா எடுத்து வைக்கணும். பழனியில இருந்து கட்டிக்கிட்டு வந்த அக்காவும் இந்த டேபிள்ல இடம்பெயர்ந்தவங்கதான், அவங்கள எல்லாம் சேத்து "ஊர்ல பாதி வெளியாளு"ன்னு வாட்ஸப்ல சுத்துற நம்பர் இப்படித்தான் உருவாகுது, தயவுசெஞ்சு அத பரப்பாதீங்க.

தாய்மொழி டேபிளும் பாக்கலாம், ஆனா அங்கயும் பொத்தாம்பொதுவா முடிவுக்கு வராதீங்க. நீலகிரியில படுகு (படுகர் மக்களோட மொழி) பேசுறவங்கள கன்னடத்துக்குக் கீழ தொகுத்திருக்கும், உள்ள போய் பிரிச்சுப் பாக்காட்டி நீலகிரி பூரா மைசூர்ல இருந்து வந்து இறங்குன மாதிரி தெரியும். இன்னொரு பக்கம், 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கை தேயிலைத் தோட்டத்துல இருந்து திருப்பி அனுப்பப்பட்ட மக்கள் நிறைய பேரு நீலகிரிக்கும் கொடைக்கானல் மலைக்கும் வந்தாங்க. 5,25,000 பேர இந்தியா ஏத்துக்கிறதா கையெழுத்து போட்ட ஒப்பந்தம் அது. நீலகிரியில அவங்களுக்காகவே அரசு தேயிலைத் தோட்டம் போட்டுச்சு, அதுதான் டான்டீ. கொடைக்கானல் பக்கம் சவுக்கு, யூகலிப்டஸ் காட்டு வேலைக்கு வந்தாங்க. தாய்மொழின்னு பாத்தா அவங்க தமிழ், அப்படியே கரைஞ்சு போயிருவாங்க. பிறந்த இடம் டேபிள்ல இலங்கைன்னு ஒரு வரி வரும், ஆனா இங்க பிறந்த பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க அதுல கிடையாது. அந்த வரி ஒவ்வொரு சென்சஸுக்கும் சின்னதாயிட்டே வரும், ஜனங்க அங்கயேதான் இருப்பாங்க. இவங்க கணக்கு வேணும்னா லைன் வீட்டுக்கு (தோட்டத் தொழிலாளிங்க வரிசை வீடு) போய் உக்காந்து பேசணும், வேற வழி இல்ல.

சரி, சென்சஸ் 2011-லயே நிக்குது, 2021-ல எடுக்க வேண்டியது தள்ளிப் போயிருச்சு. அப்ப இன்னைக்கு நிலவரத்துக்கு என்ன பண்றது? இங்கதான் நம்ம உழைப்பு ஆரம்பிக்குது.

ஸ்கூல்ல ஆரம்பிங்க. ஊர்ல இருக்க அரசு, உதவிபெறும் தொடக்கப்பள்ளிகளோட ஒண்ணாங்கிளாஸ் எண்ணிக்கைய பத்து பதினஞ்சு வருஷத்துக்கு எடுங்க. ஹெட்மாஸ்டர்கிட்ட மரியாதையா கேட்டா அட்மிஷன் ரிஜிஸ்டர்ல இருந்து சொல்லுவாங்க. பிரைவேட் ஸ்கூலுக்கு மாறுனவங்களையும் சேத்தாத்தான் முழுப் படம் வரும். ஒரு விஷயம் கவனிங்க, பல ஊர்ல எண்ணிக்கை விழுந்து அப்புறம் லேசா ஏறியிருக்கும், எந்திரிச்ச வருஷத்துல யாரு வந்தாங்கன்னு டீச்சர்கிட்ட கேளுங்க. கட்டட வேலைக்கும் எஸ்டேட்டுக்கும் ஜார்க்கண்ட், அசாம், பீகார்ல இருந்து குடும்பத்தோட வந்தவங்க பிள்ளைங்க தமிழ் மீடியத்துல உக்காந்து அ, ஆ எழுதுறத நீங்களே பாப்பீங்க. இங்க பிறந்த நம்ம பிள்ளைங்க போன பெஞ்சுல அந்தப் பிள்ளைங்க வந்து அந்த ஸ்கூல உயிரோட வச்சிருக்காங்க, எனக்கு இது பெரிய விஷயமா படுது.

பிறப்பு பதிவேடு நகராட்சியில இருக்கும், ஆனா மலை ஊருக்கு அது ரொம்ப தப்பான நம்பர் குடுக்கும். பிறப்ப பதியிறது குழந்தை எங்க பிறந்துச்சோ அங்க. ஒன்பதாம் மாசம் ஆச்சுன்னா காட் ரோட்ட நம்பாம பொண்ண முன்னாடியே வத்தலக்குண்டு, திண்டுக்கல், மதுரைன்னு இறக்கிருவோம், குழந்தை அங்க பதிவாகும். இறப்பும் பெரிய ஆஸ்பத்திரியில ஆனா அப்படித்தான். அதனால அந்த ரிஜிஸ்டர வச்சு ஊர்ல குழந்தையே பிறக்கலன்னு எழுதாதீங்க. விஎச்என் (கிராம சுகாதார நர்ஸ்) வச்சிருக்க கர்ப்பிணி லிஸ்ட், தடுப்பூசி போட்ட எண்ணிக்கை, அங்கன்வாடி எண்ணிக்கை இதுதான் நெருக்கமா வரும். மொத்தம் மட்டும் கேளுங்க, பேரு கேக்காதீங்க.

ரேஷன் கடை வாரியா கார்டு எண்ணிக்கை உணவுத்துறை வெப்சைட்லயே கிடைக்குது. வோட்டர் லிஸ்ட் தேர்தல் கமிஷன் சைட்ல பாகம் வாரியா இருக்கு, கொடைக்கானல் பழனி தொகுதிக்குள்ள வரும். ரெண்டுலயும் ஒரே குறை, திருப்பூர் போய் பத்து வருஷமானவங்க பேரும் கார்டும் இங்கயே இருக்கும் (விட மனசு வராது, அது வேற), இங்கயே நாலு வருஷமா சமையல் வேலை பாக்குற வடக்கத்திப் பையன் பேரு ரெண்டுலயும் இருக்காது. அதனால ஏறுச்சா இறங்குச்சாங்கிற போக்க மட்டும் இதுல பாருங்க. வயச பாருங்க, அது உபயோகம், ஒரு பாகத்துல 60 தாண்டுனவங்க எத்தனை, 30-க்கு கீழ எத்தனைன்னு எண்ணுனா அந்தத் தெருவோட கதை வந்துரும்.

பூட்டுன வீடு கணக்குதான் எனக்குப் பிடிச்ச வேலை, யாரும் செய்யாத வேலையும் இதுதான். ஜூலையோ நவம்பரோ, மழை நாள்ல, லீவு இல்லாத ஒரு செவ்வாயோ புதனோ ராத்திரி எட்டு மணிக்கு உங்க தெருவுல நடங்க. எந்த வீட்ல லைட் எரியுது, எதுல எரியலன்னு குறிங்க. ஆனா வாசல் லைட்ட நம்பாதீங்க, அது வாட்ச்மேன் போட்டது. பெரிய பங்களா ஜன்னல் அத்தனையும் இருட்டா இருக்கும், பின்னாடி அவுட்ஹவுஸ்ல ஒத்த டியூப்லைட், ஒரு கொடியில சின்னப் பிள்ளை யூனிஃபார்ம் காயும், அங்க ஒரு வாட்ச்மேன் குடும்பம் நாலு பேரு இருப்பாங்க. அந்த வீட்ட "பூட்டு, ஆனா ஆள் உண்டு"ன்னு தனியா எழுதணும். இதே தெருவ மே மாசம் ஒரு சனிக்கிழமை திருப்பி நடங்க. கொடைக்கானல்ல ஆனந்தகிரி, நாயுடுபுரம் மாதிரி நெருக்கமான இடத்துல ரெண்டு நாளைக்கும் வித்தியாசம் பெருசா இருக்காது, ஏரியச் சுத்தி மேட்டுல இருக்க ரோடுங்கள்ல தலைகீழா இருக்கும். கேஸ் சிலிண்டர் போடுற தம்பிகிட்ட கேட்டுப் பாருங்க, தோள்ல சிலிண்டரோட அந்தப் படி ஏறி இறங்குறவருக்கு எந்த வீட்ல ஆறு மாசமா புக்கிங் வரலன்னு மனப்பாடமா தெரியும்.

இதுக்கு ஆபீஸ் நம்பரும் வேணும்னா தகவல் உரிமைச் சட்டத்துல ஒரு மனு போடுங்க, பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி நகராட்சி பொதுத் தகவல் அலுவலருக்கு. கேள்விய குறிப்பா கேளுங்க: வார்டு வாரியா சொத்து வரி போடுற வீடு எத்தனை, வணிக உபயோகம் எத்தனை, இதுல ஓனர் தபால் முகவரி ஊருக்கு வெளியில இருக்கது எத்தனை, 2010-ல எவ்வளவு, இப்ப எவ்வளவு. பேரும் அட்ரஸும் கேட்டா தனிநபர் தகவல்னு தள்ளிருவாங்க, எண்ணிக்கைன்னா குடுக்கணும், 30 நாள்ல பதில் வரணும். வரலன்னா மேல்முறையீடு போடுங்க, விட்றாதீங்க.

வந்து போறவங்க கணக்கு இப்ப முன்ன விட சுலபம். ஹைகோர்ட் உத்தரவுல 2024 மே 7-ல இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் (வெளியூர் வண்டிங்க ஆன்லைன்ல முன்கூட்டி எடுக்கிற அனுமதி) வந்துச்சு. 2025 சீசன்ல கொடைக்கானலுக்கு வார நாள்ல 4,000 வண்டி, சனி ஞாயிறுல 6,000-ன்னும், ஊட்டிக்கு 6,000, 8,000-ன்னும் உச்சவரம்பு வச்சாங்க. ஒரு வண்டிக்கு நாலு பேருன்னு வச்சா கூட கொடைக்கானலுக்கு ஒரு சனிக்கிழமை 24,000 பேரு, அதுவும் அரசு பஸ்ல வர்றவங்கள சேக்காம. 2011 கணக்குப்படி ஊரோட மொத்த ஜனத்துல மூணுல ரெண்டு பங்கு ஒரே நாள்ல மலை ஏறுது. குடிதண்ணி பைப்பும் குப்பை வண்டியும் 36 ஆயிரம் பேருக்குன்னு திட்டம் போட்டா மே மாசம் நாயுடுபுரத்துக்கு ஏன் தண்ணி வரலங்கிறதுக்கு வேற விளக்கம் தேவையில்ல. மாச வாரியா குப்பை எத்தனை டன் எடுத்தாங்கங்கிறதையும் அதே மனுவுல கேளுங்க, ஊர்ல உண்மையா எத்தனை வாய் சாப்பிட்டுச்சுன்னு குப்பை காட்டிக்குடுத்துரும்.

எல்லாம் எடுத்தப்புறம் ஒரே ஷீட்ல போடுங்க, ஒவ்வொரு நம்பருக்கும் பக்கத்துல எங்க இருந்து எடுத்தது, எந்த மாசம், எந்த எல்லைன்னு மூணு கட்டம் கட்டாயம். தேதி இல்லாத நம்பர் குப்பைக்குத்தான் போகும். வெளியில காட்டும்போது வீட்டு நம்பர், ஓனர் பேரு, எந்த வீடு பூட்டிக்கிடக்குங்கிற விவரம் எதையும் போடாதீங்க, திருடனுக்கு மேப் போட்டுக் குடுத்த மாதிரி ஆயிரும், வார்டு மொத்தம் மட்டும் போதும். வடக்க இருந்து வந்தவங்க பத்தி எழுதும்போதும் யோசிச்சு எழுதுங்க, இந்தக் கணக்கு யாரையும் விரட்டுறதுக்கு இல்ல. 1845-ல மதுரையில இருந்து அமெரிக்க மிஷனரிங்க ஏறிவந்து வீடு கட்டுனதுல ஆரம்பிச்சு, கொடைக்கானல் டவுன்ல இருக்க முக்கால்வாசிப் பேரு எங்கயோ இருந்து மலை ஏறி வந்தவங்கதான், அதுக்கு முன்னாடியே இந்த மலையில இருந்தவங்க பளியர் மக்களும் மலைக் கிராமத்துக்காரங்களும்.

அடுத்த கணக்கெடுப்பு வருது, இதுல நாம செய்ய வேண்டிய வேலை இருக்கு. வீட்டுப் பட்டியல் 2026 ஏப்ரல்ல இருந்து செப்டம்பருக்குள்ள, ஆள் எண்றது 2027 பிப்ரவரியில, கணக்குத் தேதி மார்ச் 1, 2027. வீட்டுப் பட்டியல்ல எந்தக் கட்டடம் குடியிருப்பு, எது லாட்ஜ், எது பூட்டிக்கிடக்குன்னு பதிவாகும், அதனால ஹோம்ஸ்டேயா ஓடுறத வீடுன்னு சொல்லாம உள்ளத சொல்ல வைங்க. ஆள் எண்ண வரும்போது உங்க லைன்ல அவுட்ஹவுஸ் வாட்ச்மேன் குடும்பம், லாட்ஜ் மொட்டைமாடி ரூம்ல தங்கியிருக்க சமையல் பசங்க, கட்டட வேலை ஷெட்ல இருக்கவங்க விட்டுப் போகாம இருக்காங்களான்னு பாத்து, எண்ண வர்ற டீச்சர கூட்டிட்டுப் போய் காட்டுங்க. அந்தப் பையங்களுக்கு பயமா இருக்கும், இது போலீஸ் விசாரணை இல்ல, பேரு எழுதிக்கிட்டா ஒண்ணும் ஆகாதுன்னு ரெண்டு நாள் முன்னாடியே சொல்லி வச்சிருங்க.